மூட்டுப் பள்ளத்தில் தையல்: கேள்வி பதில்

ஒட்டுத்துணிப் போர்வையை வீட்டு மிஷினில், துண்டும் துண்டும் சேரும் மூட்டை ஒட்டித் தைப்பது பற்றி மட்டும் கேளுங்கள். பிளவுஸ் கட்டிங் கேட்டால் பதில் வராது.

கே: அக்கா, துண்டுகளைச் சேர்த்து மேல்துணி தயார். நடுவில் பஞ்சு ஷீட், அடியில் பழைய காட்டன் சேலை. தையல் மூட்டின் மேலேயா, பக்கத்திலா?

ப: இரண்டும் இல்லை, பள்ளத்தில். மூட்டின் உள்பிடியை, அதாவது மூட்டுக்கு உள்ளே மீதி நிற்கும் துணி ஓரத்தை, ஒரு பக்கமாகச் சாய்த்துத் தேய்த்திருப்பீர்கள். பிடி சாய்ந்த பக்கம் மூன்று மடிப்புத் துணி, மேடாக இருக்கும். எதிர்ப்பக்கம் ஒற்றை மடிப்பு, தாழ்வு. விரலால் தடவினாலே தெரியும். ஊசி இறங்க வேண்டியது தாழ்வான பக்கத்தில், மேட்டின் அடியை உரசியபடி. தைக்கும்போது இரண்டு கையாலும் மூட்டை லேசாக விலக்கிப் பிடியுங்கள். கையை எடுத்ததும் மேடு திரும்பி வந்து தையலை மூடிக்கொள்ளும்.

குறுக்கு மூட்டு வரும் இடத்தில் கவனம். அடுத்தடுத்த வரிசைகளின் பிடியை எதிரெதிராகச் சாய்த்திருந்தால், அங்கே பள்ளமும் பக்கம் மாறும். வேகத்தைக் குறைத்து, ஊசியை ஓரிரு இழை நகர்த்தி, மறுபக்கப் பள்ளத்தில் இறங்குங்கள். முதலில் நடுவில் நெடுக்காக ஒரு மூட்டு, குறுக்காக ஒன்று. அப்புறம் அங்கிருந்து ஓரம் நோக்கி. தையல் நீளம் 3 மி.மீ., ஊசி 14ஆம் நம்பர்.

இதற்கெல்லாம் முன்னால் ஊக்கு. உள்ளங்கையை எங்கே வைத்தாலும் அடியில் ஓர் ஊக்கு தட்டுப்பட வேண்டும். 4 இஞ்சுக்கு ஒன்று. 60க்கு 90 இஞ்ச் போர்வைக்கு 300க்கு மேல் போகும். மலைக்காதீர்கள்.

கே: வாக்கிங் ஃபுட் கட்டாயமா?

ப: டேபிள் மேட் அளவு என்றால் துணியை அழுத்திப் பிடிக்கும் சாதாரண ஃபுட்டே போதும், அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். போர்வைக்கு வாங்கிவிடுங்கள். மிஷினின் பற்கள் அடித்துணியைத்தான் இழுக்கும். மேல்துணி பின்தங்கி, கடைசியில் ஓரத்தில் குவியும். வாக்கிங் ஃபுட்டின் பற்கள் மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும். மாட்டும்போது அதன் கை, ஊசி திருகின் மேல் உட்கார வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு ஃபுட் சரியில்லை என்கிறார்கள்.

கே: அடித்துணியில் சுருக்கம் விழுகிறது.

ப: ஊக்கு எத்தனை?

கே: பன்னிரண்டு.

ப: பதில் உங்களிடமே இருக்கிறது. அடித்துணியைத் தரையில் விறைப்பாக விரித்து, ஓரங்களை டேப் ஒட்டி, அதன்மேல் பஞ்சும் மேல்துணியும் போட்டு மறுபடி குத்துங்கள்.

கே: 35 வருஷமாக டெய்லரிங்கில் இருக்கிறேன்மா. மூட்டின் பிடியை இரண்டு பக்கமும் பிரித்துத் தேய்ப்பதுதான் முறை. ஒரு பக்கம் சாய்ப்பது அரைகுறை வேலை.

ப: அண்ணா, பேன்ட்டுக்கு நீங்கள் சொல்வதுதான் சரி. இங்கே கதை வேறு. பிரித்துத் தேய்த்தால் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. நடுக்கோட்டில் ஊசி விட்டால் அது இறங்குவது துணியில் இல்லை, இரண்டு துண்டையும் பிடித்திருக்கும் நூலின் மேல். அந்த நூல் அறுந்தால் மூட்டு வாய் பிளக்கும்.

கே: அதே அண்ணன்தான். எட்டுத் துண்டு ஒரே புள்ளியில் சேரும் நட்சத்திரத்தில் எல்லாப் பிடியையும் சாய்த்தால் நடுவில் கொட்டைப்பாக்கு மாதிரி நிற்காதா?

ப: நிற்கும். அங்கே நீங்கள் ஜெயித்தீர்கள், நானும் அதைப் பிரித்துத்தான் தேய்ப்பேன். ஆனால் பள்ளத் தையல் போட மாட்டேன். மூட்டிலிருந்து கால் இஞ்ச் தள்ளி இரண்டு பக்கமும் கோடு ஓட்டுவேன்.

கே: நான் இடையில் வரலாமா? மிஷினில் தைத்தால் அது அசல் குவில்ட்டே (இந்த மாதிரிப் பஞ்சு வைத்த போர்வை) இல்லையாம், கையால் தைக்கணுமாம்.

ப: 1989இல் அமெரிக்காவின் பதுக்கா நகரப் போட்டியில் தலைப்பரிசு பெற்றது கேரல் பிரையர் ஃபாலர்ட் மிஷினில் தைத்த குவில்ட். இந்தச் சண்டை அப்போதே நடந்து ஓய்ந்துவிட்டது. டெய்லர் அண்ணன் பேசட்டும், அவர் கேள்விதான் சுவாரஸ்யம்.

கே: கண்ணுக்குத் தெரியாத நூல் போடலாமா?

ப: போடலாம். நைலான் என்றால் அயர்ன் சூட்டில் உருகும், பாலியெஸ்டர் பாருங்கள். சாதாரண நூல் என்றால் தாழ்வான பக்கத் துணியின் நிறம்.

கே: பூ டிசைன் மிஷினில் எப்படி?

ப: பற்களை இறக்கிவிட்டு, துணியை எந்தப் பக்கமும் நகரவிடும் டார்னிங் ஃபுட் போட்டு, துணியை நாமே நகர்த்துவது. அது தனி வித்தை, இன்னொரு நாள்.

கே: எல்லா மூட்டிலும் தைக்கணுமா?

ப: பஞ்சு பாக்கெட்டில் தையலுக்குத் தையல் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று போட்டிருப்பார்கள். அதைத் தாண்டக் கூடாது.

கே: மேடம், அடியில் சுருக்கம் வருது, என்ன பண்றது?

ப: மேலே படியுங்கள். ஊக்கு.

கே: எனக்கும் சுருக்கம்தான், ஆனால் மேல்பக்கம்.

ப: வாக்கிங் ஃபுட். இல்லையென்றால் ஊக்கு. சேலை பாலியெஸ்டர் என்றால் இரண்டும்.

கே: டெய்லர்தான்மா. நூல் அறுந்தால் வாய் பிளக்கும் என்கிறீர்கள். நெருக்கித் தைத்தால் நூல் ஏன் அறுகிறது?

ப: சரி அண்ணா, 6 இஞ்சில் நான்கு சதுரம் எடுங்கள். இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒரு மூட்டைப் பிரித்தும் இன்னொன்றைச் சாய்த்தும் தேய்த்து, பஞ்சு வைத்து இரண்டிலும் மூட்டோடு தையல் ஓட்டுங்கள். பத்து முறை துவைத்துவிட்டு, மூட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். என்ன ஆனது என்று எனக்கும் எழுதுங்கள்.