8 நாட் (மணிக்குச் சுமார் 15 கி.மீ.) காற்றில் விண்ட்சர்ஃப் ஃபாயில் எழவில்லை என்றால்

பலகையைத் தண்ணீருக்கு மேலே தூக்க, அதன் அடியில் நீருக்குள் இருக்கும் இறக்கை அமைப்புதான் ஃபாயில். அது எழ, பெரிய பாய் வாங்கவா, ஃபாயிலின் முன் இறக்கையை மாற்றவா என்று கேட்டீர்கள். பாய் போதும், முன் இறக்கையை மாற்றுங்கள். 80 கிலோ எடைக்கு 6.5 சதுர மீட்டர் பாய் சரிதான். உங்கள் 900 சதுர செ.மீ. இறக்கைதான் சின்னது. நல்ல வேகம் பிடித்தால்தான் அது தூக்கும். 1,700 முதல் 2,000 சதுர செ.மீ. வரை பாருங்கள். 8 சதுர மீட்டர் பாய் வாங்கினால் கனம்தான் கூடும், பம்ப் அடித்து (வேகம் பிடிக்கப் பாயை முன்னும் பின்னும் இழுத்து ஆட்டி) கை ஓயும்.

காசு செலவழிக்குமுன் மாஸ்ட் அடியை (பாய்க்கம்பம் பலகையில் பொருந்தும் இடத்தை) 2 செ.மீ. பின்னுக்குத் தள்ளி, அவுட்ஹாலை (பாயின் பின் முனையை இழுத்துக் கட்டும் கயிற்றை) கொஞ்சம் தளர்த்துங்கள். தண்ணீர் கறுத்து வரும் அந்த ஒரு காற்று வீச்சில் பம்ப் அடித்துப் பாருங்கள். பலகையின் மூக்கு லேசாக எழுந்தால் பாதிக் கோளாறு அங்கேதான்.

அப்புறம், காற்று 15 நாட் வேகத்தைத் தாண்டினால் பெரிய இறக்கை சொன்ன பேச்சு கேட்காது. பழைய இறக்கையை விற்றுவிடாதீர்கள். புதியது உங்கள் ஃபியூஸலாஜில் (முன், பின் இறக்கைகளை இணைக்கும் தண்டில்) பொருந்துமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.