பெருந்தரவு (பிக் டேட்டா), அதாவது குவிந்து கிடக்கும் ஏராளமான கணினிப் பதிவுகள், அரசின் நிதி நிர்வாகத்துக்கு உண்மையில் எப்படி உதவுகிறது?

இந்தியாவின் ஜி.எஸ்.டி.யை எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கே நகராமல் வெறும் பில் போட்டு உள்ளீட்டு வரி வரவை (சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியைத் தான் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வசதியை)ச் சுருட்டுவதுதான் அங்கே பெரிய தலைவலி. பொதுவாக 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு லாரியில் ஏறினால் இ-வே பில் என்ற மின்னணு அனுமதிச் சீட்டு வேண்டும். அதில் வண்டி எண் இருக்கும். 2021 முதல் அதைச் சுங்கச்சாவடியின் ஃபாஸ்டேக் பதிவோடு ஒப்பிட முடிகிறது. சென்னையிலிருந்து மும்பைக்கு இரும்புக் கம்பி போனதாகப் பில் சொல்கிறது, வழியில் ஒரு சாவடியிலும் அந்த வண்டி தென்படவில்லை என்றால் சந்தேகம் வராதா? அந்த எண் ஸ்கூட்டருடையது என்றால் கேட்கவே வேண்டாம்!

விற்றவர் காட்டிய கணக்கையும் வாங்கியவர் கேட்கும் வரவையும் கணினியே பொருத்திப் பார்க்கிறது. ஆனால் விற்றவர் தாக்கல் செய்யாவிட்டால், வரியோடு பணம் கொடுத்து வாங்கியவரின் வரவும் நின்றுபோகிறது. சிறு வணிகருக்கு இது அநியாயம் என்றே சொல்வேன்.