முதல் முதலமைச்சர் யார்: நூலுக்கு நூல் பெயர் மாறுவது ஏன்?

‘தமிழ்நாடு’ என்ற பெயர் தாங்கிய மாநிலத்தின் முதல் முதலமைச்சர் அண்ணாதான். 1969 ஜனவரி 14 அன்று பெயர் மாறியபோது அவரே பதவியில் இருந்தார்.

முதல் முதலமைச்சர் என்று ஒரு நூல் சுப்பராயலு ரெட்டியாரையும் மற்றொரு நூல் ஓமந்தூராரையும் குறிப்பிடுவது பிழையன்று. 1920 டிசம்பரில் சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சரவைக்குத் தலைமையேற்றவர் முன்னவர், 1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்ற நாளில் பதவியிலிருந்தவர் பின்னவர் என்பதால், எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோமோ அதற்கேற்ப விடையும் மாறுகிறது.

ஆகவே, வினாவில் ‘மாகாணம்’, ‘சென்னை மாநிலம்’, ‘தமிழ்நாடு’ ஆகியவற்றுள் எச்சொல் உள்ளதென்று முதலில் பாருங்கள். ‘குடியரசான பின்’ என்றிருந்தால், பலரும் மறந்துவிடுகிற பி. எஸ். குமாரசாமி ராஜாவே விடை.

ராஜாஜியிடம் மட்டும் கவனம் தேவை: 1937இல் அவர் வகித்த பதவி அக்காலத்தில் ‘பிரதமர்’ என்றே அழைக்கப்பட்டது, முதலமைச்சரானது 1952 பொதுத்தேர்தலுக்குப் பிறகுதான்.