மாமிக்குக் கோயிலடி, மகளுக்குக் கடல்

கேள்வி: ஓகஸ்ட் விடுமுறைக்குத் திருகோணமலைக்கு வருகிறோம். திமிங்கிலம் பார்க்கப் படகில் போகத்தான் வேண்டும், அதுவும் எல்லோரும் சேர்ந்து போக வேண்டும் என்று கணவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். மாமிக்கு 68 வயது, இடுப்பு வலி. மகளுக்கு 12, சின்னவனுக்கு 4. தொலைபேசியில் பேசிய படகுக்காரர் ஒருவர் "நூறு வீதம் காட்டுவேன்" என்கிறார். நம்பலாமா?
– பெயர் வேண்டாம், சாவகச்சேரி

பதில்: நூறு வீதம் என்றவரை முதலில் விட்டுவிடுங்கள். வாக்குக் கொடுத்தவர் எப்படியாவது காட்டியாக வேண்டும், அதற்காகத் துரத்துவார். நானே ஒருமுறை அப்படி ஒரு படகில் மாட்டிக்கொண்டேன். தூரத்தில் ஒரு மூச்சு நீராகப் பீச்சியதுதான் தாமதம், நான்கு படகுகள் எஞ்சினை முறுக்கிக்கொண்டு பாய்ந்தன. வால் மேலே எழும்பியது, கீழே போனது, அவ்வளவுதான். அது போன இடத்தில் பெற்றோல் மணத்தோடு நாங்கள் ஆடிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் தங்கச்சி சத்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

நீலத் திமிங்கிலம் மேலே வந்தால் சில தடவை மூச்சு விடும். பிறகு மூழ்கிப் பத்து நிமிடம்போலக் கீழேயே இருக்கும். ஸ்பேர்ம் திமிங்கிலம் என்றால் முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். விபரம் தெரிந்த படகோட்டி வேகத்தைக் குறைத்து, பக்கவாட்டில் தள்ளி நின்று காத்திருப்பார். 100 மீற்றருக்குள் நெருங்கக் கூடாது என்று சட்டமும் இருக்கிறது. ஆனால் படகோட்டியை மட்டும் குறை சொல்லி என்ன? "இன்னும் கிட்டப் போங்கோ அண்ணை" என்று நச்சரிப்பது படகில் இருக்கும் நாங்கள்தானே. ஏறும்போதே, "தூரத்தில் நின்றாலே போதும், அவசரமில்லை" என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தவரிடம் பேசும்போது, "திமிங்கிலம் ஒன்றும் கண்ணில் படாவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "கடல்தானே அக்கா, சொல்ல ஏலாது, டொல்பின் எண்டாலும் பாக்கலாம்" என்கிறவரோடு போகலாம். மகளின் அளவுக்கு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள். பெரியவர்களுடையதை இறுக்கிக் கட்டினால் சரி என்பாரானால், அவரும் வேண்டாம்.

மாமியை ஏற்றவே ஏற்றாதீர்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் போவது பெரும்பாலும் சிறிய பைபர் படகுகள். ஒவ்வொரு அலைக்கும் பலகை முதுகெலும்பில் அடிக்கும், மணிக்கணக்கில் இருக்க வேண்டும், கழிவறையும் கிடையாது. சின்னவனும் அரை மணி நேரத்தில் "வீட்டை போவம்" என்று தொடங்கிவிடுவான்.

கணவர் அடம்பிடிப்பதிலும் நியாயம் உண்டு. 1980களின் தொடக்கத்திலேயே 'டுலிப்' என்ற பாய்க்கப்பலில் ஆய்வாளர்கள் வந்து இந்தக் கடலின் திமிங்கிலங்களைப் பார்த்துப் படித்தார்கள். அப்புறம் யுத்தம். எங்கள் வயதுக்காரருக்குக் கடல் என்றால் கரையில் நின்று பார்ப்பதுதான் என்று ஆகிவிட்டது. அவர் போகட்டும், நீங்களும் மகளும் கூடப் போங்கள். விடிந்ததும் கிளம்பிவிடுங்கள், உங்கள் ஊரில் சோளகக் காற்று அடிக்கும் காலத்தில் இங்கே கச்சான் காற்று, வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். இடியப்பமும் சொதியும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், வெறும் வயிறும் கூடாது. இரண்டு துண்டுப் பாண் போதும். சத்திக் குளிசையைத் தலை சுற்றத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். மகளுக்கு எவ்வளவு என்று மருந்துக்கடையில் கேளுங்கள். படகின் நடுவில் உட்காருங்கள்: முன்பக்கம் தூக்கிப் போடும், பின்பக்கம் எஞ்சின் புகை.

அந்த நேரம் மாமியும் சின்னவனும் கோணேசர் கோயிலுக்குப் போகலாம், கூட ஒரு பெரியவர் இருந்தால் நல்லது. கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டை வாசலில் நிற்கும் மான்களோடேயே அவனுக்குப் பாதிப் பொழுது போய்விடும். மேலே இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கம் நின்றால் கடல் முழுவதும் தெரியும். திருகோணமலையில் கரையை ஒட்டியே ஆழம் தொடங்கிவிடுகிறது. துறைமுக வாயிலிலிருந்து கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று வெளியே ஓடுகிறது. அதனால் திமிங்கிலங்கள் கிட்ட வருவதுண்டு, கோயிலடியில் நின்றே மூச்சைக் கண்டவர்களும் உண்டு. ஒரு தொலைநோக்கியை மாமியிடம் கொடுத்துவிடுங்கள். மூச்சு நேராக உயரமாக எழும்பினால் நீலத் திமிங்கிலம், இடப்பக்கம் முன்னால் சரிந்தால் ஸ்பேர்ம். நீங்கள் காணாததை அவர் கண்டுவிட்டு, இரவுச் சாப்பாடு முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தால் என்னைத் திட்டாதீர்கள்.

அவர்களையும் காலையிலேயே அனுப்புங்கள். செருப்பில்லாமல் நிற்க வேண்டும், பத்து மணிக்கு மேல் அந்தக் கல் காலைச் சுட்டுவிடும்.