பேராசிரியர் பதில்கள்

கேள்வி: வகுப்பில் புதிதாக எதையாவது முயன்றால், மாணவர்களே "இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்கிறார்கள். கல்லூரியில் மாற்றம் என்பது மேலிடத்து உத்தரவால்தான் வருமா?
(ஓர் இளம் விரிவுரையாளர்)

பதில்: உங்கள் மாணவர்கள் விவரமானவர்கள். சிக்கல் எங்கே என்று ஒரே கேள்வியில் சொல்லிவிட்டார்கள்.

உத்தரவு வந்தால் படிவங்கள் கூடும். நான் பாடத்திட்டக் குழுவில் இருந்த காலத்தில், 'புதிய பாடத்திட்டம்' என்றால் பெரும்பாலும் மூன்றாம் அலகு இரண்டாம் அலகாகும், அவ்வளவுதான். கற்பிக்கும் விதத்தை மாற்றுகிறவர் பாடம் எடுக்கிறவர்தான். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் நல்ல ஆசிரியர் என்று பெயர் வாங்கியவர். 1990 வாக்கில், விசை பற்றிய மிக எளிய கேள்விகளைக் கொடுத்துப் பார்த்தார். கடினமான கணக்கெல்லாம் போடுகிறவர்கள் அதில் தடுமாறினார்கள். "நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா?" என்றே ஒரு மாணவர் கேட்டாராம். அப்புறம் மசூர் விரிவுரையைக் குறைத்தார். ஒரு கேள்வி கேட்பார். ஒவ்வொருவரும் தனியாக விடை சொல்லவேண்டும். பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடிவிட்டு மறுபடி சொல்லவேண்டும். இதற்குக் கட்டடமும் வேண்டாம், நிதியும் வேண்டாம். கவனியுங்கள், தேர்விலும் அதே மாதிரிக் கேள்விகளை வைத்தார். இல்லாவிட்டால் அவரிடமும் "பரீட்சைக்கு வருமா?" என்றுதான் கேட்டிருப்பார்கள்.

ஒரு கல்லூரியையே மாற்றுவது வேறு கதை. கனடாவின் மெக்மாஸ்டர் மருத்துவப் பள்ளி 1969இல், நோயாளியின் பிரச்சினையை முன்வைத்துச் சிறு குழுவாகப் படிக்கும் முறையைத் தொடங்கியது. அது அப்போதுதான் பிறந்த பள்ளி; "என் துறைக்கு இத்தனை மணிநேரம்" என்று மல்லுக்கட்டப் பழைய ஆட்கள் இல்லை. ஹார்வர்டு மருத்துவப் பள்ளி போன்ற பழைய இடத்தில், 1985இல் ஒரு பகுதி மாணவர்களுக்கு மட்டும் இதைப் போன்ற முறையை வைத்துப் பார்த்து, 1987இல்தான் எல்லோருக்கும் கொண்டுவந்தார்கள்.

உள்மதிப்பீடு உங்கள் கையில்தானே? அதில் இரண்டு கேள்விகளை மாற்றுங்கள். சக ஆசிரியர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாகச் செய்தால், நீங்கள் வேறு கல்லூரிக்குப் போகிற அன்றே அதுவும் போய்விடும்.

கேள்வி: இணையப் படிப்பு வந்ததும் பல்கலைக்கழகங்கள் காலியாகிவிடும் என்றார்களே?
(ஒரு மாணவி)

பதில்: 2011இல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்துக்கு இணையத்தில் சுமார் 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். அந்தச் சூட்டில் பேசிய பேச்சு அது. முடித்தவர்கள் அதில் சிறு பங்குதான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) தன் பாடங்களை இலவசமாகத் தருவதாக 2001இலேயே அறிவித்தது. அங்கே சேர இன்றும் போட்டி குறையவில்லை. பட்டமும், கூடப் படிக்கும் ஆட்களும் இலவசமாகக் கிடைப்பதில்லையே!