இறந்த பிறகும் பிரபலங்களை ஊடகங்கள் விடாமல் துரத்துவது ஏன்?

ஸ்ரீதேவி மரணத்தை உதாரணம் காட்டி, "அந்தச் சேனல்காரர்களுக்கு மனசாட்சியே இல்லையா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அவருடைய ரசிகராகத்தான் இருக்க வேண்டும். அந்தச் சேனல்காரர்களில் நானும் ஒருவன்.

2018 பிப்ரவரியில் ஒரு செய்திச் சேனலின் கிராஃபிக்ஸ் பிரிவில் இருந்தேன். (எந்தச் சேனல் என்று கேட்காதீர்கள்.) 24ஆம் தேதி சனிக்கிழமை இரவு துபாய் ஹோட்டலில் அவர் இறந்தார். ஞாயிறு முழுக்க மாரடைப்பு என்றே ஓட்டினோம். பழைய பாட்டு, அஞ்சலி, நடுநடுவே அழகு சிகிச்சைதான் காரணமா என்று நாலு பேர் விவாதம். திங்கட்கிழமை அறிக்கை வந்தது: குளியல் தொட்டியில் தவறுதலாக மூழ்கி மரணம். கொஞ்ச நேரத்தில் செய்தி டெஸ்கிலிருந்து ஆள் வந்துவிட்டார். "ஒரு பாத்டப் வேணும்."

டைல்ஸ் கடை விளம்பரம் ஒன்றுக்கு முன்பு செய்த தொட்டி கைவசம் இருந்தது. குழாயில் இருந்த பளபளப்பை அழித்துவிட்டு அதையே கொடுத்தேன். தண்ணீரை இன்னும் கொஞ்சம் ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினேன். அந்த அறையை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. பக்கத்தில் ஓர் ஆண் உருவத்தை நிறுத்தச் சொன்னபோது மட்டும், சிஸ்டம் ஹேங் ஆகிறது என்று பொய் சொல்லித் தப்பித்தேன். ஒரு தெலுங்கு நிருபர் தொட்டிக்குள் தானே படுத்துக் காட்டினார் என்பதால் நாங்கள் யோக்கியர்கள் ஆகிவிட மாட்டோம்.

சின்னப் பிள்ளையில் முருகனாக வேஷம் போட்டதிலிருந்து 50 வருஷம் போலக் கேமரா முன்னால் இருந்தவர். கேமரா இல்லாத கடைசி சில நிமிடங்களையும் நாங்கள் வரைந்து காட்டினோம்.

அன்றிரவு அம்மா போன் செய்தாள். "ஏல, அந்தத் தொட்டி நீ போட்டதா?"

"ஆமாம்மா."

"மீனம்பட்டிப் பிள்ளைல அது." வைத்துவிட்டாள். மீனம்பட்டி ஸ்ரீதேவியின் சொந்த ஊர். எங்களுக்கும் அதே சிவகாசிப் பக்கம்தான்.

மறுநாள் துபாயில் வழக்கையே முடித்துவிட்டார்கள். எங்கள் தொட்டி அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் ஓடியது.

வேலையை விட்டிருக்கலாமே என்று கமெண்டில் வருவீர்கள். வீட்டுக் கடன் இருந்தது. நான் மாட்டேன் என்றால் பக்கத்து சீட் பையன் செய்திருப்பான். சால்ஜாப்புதான், தெரியும். ஆனால் காறித் துப்பிக்கொண்டே சேனலை மாற்றாமல் உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு. வியாழக்கிழமை வந்த ரேட்டிங் ஏறியிருந்தது. டெஸ்குக்கு பிரியாணி வந்தது, கிராஃபிக்ஸுக்கு வரவில்லை.

அதை விடுங்கள். அந்த மூன்று நாளும் நைட் ஷிப்ட். வண்டி வரும் என்றார்கள், வரவில்லை. ஆட்டோவுக்கு 640 ரூபாய் என் கைக்காசு. பில் கொடுத்தேன், சூப்பர்வைசர் கையெழுத்து இல்லை என்று திருப்பிவிட்டார்கள். அந்தச் சூப்பர்வைசரோ அதற்குள் வேறு சேனலுக்குப் போய்விட்டார்.