மூன்றாவது டிஸ்க்கை சேர்வருக்குள் போடலாமா?

கேள்வி: மட்டக்களப்பு கல்லடியில் புகைப்பட நிலையம் நடத்துகிறேன். வாடிக்கையாளரின் கல்யாணப் படங்கள் எல்லாம் ஒரே சேர்வரில், ரெயிட் 1 முறையில் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் ரெயிட் முறைகளில் ஒன்று) இணைத்த இரண்டு 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க்குகளில் இருக்கின்றன. இன்னொரு டிஸ்க் வாங்கி ரெயிட் 5 முறைக்கு மாறினால் பாதுகாப்பு அதிகமாகுமா?

பதில்: ஆகாது. இடம்தான் அதிகமாகும். ரெயிட் 5 ஒரு டிஸ்க் அளவு இடத்தை மீட்புத் தகவலுக்கு ஒதுக்குவதால் மூன்று டிஸ்க்குகளில் 8 டெராபைட் கிடைக்கும். ஆனால் இப்போது போலவே ஒரு டிஸ்க்கின் பழுதை மட்டுமே தாங்கும். டிஸ்க்கை வாங்குங்கள், சேர்வருக்குள் மட்டும் போடாதீர்கள்.

ரெயிட் 1 எழுதுவதையெல்லாம் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதுகிறது. ஒன்று செத்தாலும் கடை வேலை நிற்காது. அதற்காகவே அது வேண்டும், கலைத்துவிடாதீர்கள். ஆனால் உதவியாளர் ஒரு கோப்புறையைத் தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியும். கப்பம் கேட்கும் வைரஸ் பூட்டினால் இரண்டிலும் பூட்டும். தண்ணீர் ஏறினால் இரண்டும் ஒன்றாகவே நனையும். கல்லடி கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியை அங்குள்ளவர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை; மார்கழி வெள்ளமும் இருக்கிறது.

ஆகவே மூன்றாவது டிஸ்க்கை வெளியிலிருந்து செருகும் வகையாக வாங்கி, வாரம் ஒருமுறை பிரதி எடுத்து, கழற்றி, வேறு ஊருக்கு அனுப்புங்கள். அம்பாறை நகரிலோ பதுளையிலோ உறவினர் இருந்தால் நல்லது. அவை பிறர் வீட்டுப் படங்கள் என்பதால் கடவுச்சொல்லிட்டுக் குறியாக்கம் செய்துவிடுங்கள். கையில் பணம் இருந்தால் இப்படி இரண்டு வாங்கி மாற்றி மாற்றி அனுப்பலாம். அப்போது ஒன்று எப்போதும் வெளியூரில் இருக்கும். இடைக்கிடை அதிலிருந்து சில படங்களைத் திறந்து பாருங்கள். திறக்காத பிரதியை நான் பிரதியாகக் கணக்கெடுப்பதே இல்லை.

மின்வெட்டுக்கு யூபிஎஸ் (மின்சாரம் போனாலும் சிறிது நேரம் பற்றரியில் ஓட்டும் கருவி) அவசியம். டிஸ்க் பழுதானால் மின்னஞ்சல் வரும்படியும் அமையுங்கள். ஒன்று செத்தது தெரியாமலே மாதக்கணக்கில் மற்றதில் ஓடும் சேர்வர்கள் உண்டு.

சேர்வரில் பழுதான டிஸ்க்குக்குப் பதில் புதியதைப் போடும்போது நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் 4 டெராபைட்டை நிரப்ப ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் மிஞ்சிய பழைய டிஸ்க் ஓய்வின்றி வாசிக்கப்படும். அதே நாளில் வாங்கிய ஜோடி என்றால் அதுவும் அதே அளவு தேய்ந்திருக்கும். வெளிப் பிரதியை முதலில் புதுப்பித்துவிட்டே மாற்றத் தொடங்குங்கள். பழுதான டிஸ்க்கின் தொடர் இலக்கத்தைத் திரையில் பார்த்துக் குறித்துக்கொண்டு பெட்டியைத் திறவுங்கள். அவசரத்தில் நல்ல டிஸ்க்கை இழுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.